ஒன்பதுக்கு விடை

அந்தக் கூடையை இப்படி என் மடியில வைங்க அண்ணாச்சி. சும்மா வைங்கன்னா. கீழ வச்சா வர்றவன் போறவன் எல்லாம் மிதிச்சிருவான், கல்யாண மாலை வேற. எனக்கொண்ணும் பாரமில்ல. என் பைக்குள்ள ஒரு பேனாவும் டிபன் பாக்ஸும்தான். திருநவேலி வரைக்கும் நான் வச்சுக்கிடுதேன்.

சங்கரன்கோயில்ல என்ன சோலின்னா, பரீட்சைக்கு வந்தேன். எழுத இல்ல, ஏ அப்பா, இந்த வயசுலயா! மார்க்குப் போட வந்தேன். இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் வாத்தியாரு நான். லேப் பரீட்சைன்னா அந்தக் காலேஜ் ஆளு ஒருத்தர், வெளிக் காலேஜ் ஆளு ஒருத்தர், ரெண்டு பேரும் உக்காந்துதான் மார்க்குப் போடணும். வெளியாளுக்கு எக்ஸ்டர்னல்னு பேரு. எக்ஸ்டர்னல் வந்துட்டார்னா மாப்பிள்ளை வந்த மாதிரிதான். டீ என்ன, முறுக்கு என்ன, மத்தியானம் பிரியாணி என்ன! உள்ள நுழைஞ்சா முப்பது பிள்ளைகளும் சடார்னு எந்திரிச்சு நிக்கும். பதினெட்டு வருசமா இப்படிப் போயிட்டு வர்றேன். அந்த மரியாதை ஒரு மாதிரி பழகிருது அண்ணாச்சி. அதைத்தான் முதல்ல சொல்லணும்.

இன்னைக்கும் பிரியாணி வாங்கி வச்சிருந்தாவ. ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. அப்படியே மூடி வச்சிட்டு வந்துட்டேன்.

ஏன்னு கேக்கீங்களா? கேக்கலையா? கேக்காட்டியும் சொல்லுதேன். வீட்டுல சொல்லல, காலேஜ்ல சொல்லவே முடியாது. உங்ககிட்டன்னா பஸ்ஸை விட்டு இறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. பனவடலிசத்திரம் தாண்டுறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்னு நெனைக்கேன். பாப்போம்.

போன ஏப்ரல்ல இதே காலேஜுக்கு எக்ஸ்டர்னலா வந்தேன். கடைசி செமஸ்டர் லேப். பன்னெண்டு கேள்வியைச் சீட்டுல எழுதி மடிச்சு வச்சிருவோம். பிள்ளைக வந்து ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கணும். எடுத்த கேள்விக்குப் புரோகிராம் எழுதி, கம்ப்யூட்டர்ல ஓட்டி, விடையைத் திரையில காட்டணும். விடையைத் தமிழ்ல விடைன்னு நாங்க சொல்றதில்ல, அவுட்புட்டுன்னுதான் சொல்வோம். “அவுட்புட் வந்துட்டா?” இதான் அன்னைக்கு முழுக்க எங்க வாயில இருக்கும்.

அந்தக் காலேஜ் ஆளு ஜெசிந்தா மேடம். அமைதியான பொம்பளை. “லேப் மேனுவல் புத்தகத்துல இருக்கிற கேள்வியையே அப்படியே எழுதிருவோம் சார்”னாவ. எனக்கு அது பிடிக்கல. மேனுவல்ல இருக்கிறதையே குடுத்தா மனப்பாடம் பண்ணிட்டு வந்து கக்கிட்டுப் போகுங்க மேடம், அங்கங்க எண்ணை மாத்துவோம்னேன். பேனாவை வாங்கி நானே மாத்துனேன். அதுல ஒரு கேள்வி வட்டக் கேள்வி. மேனுவல்ல எட்டுன்னு இருந்துச்சு. நான் அதை ஒன்பதாக்கினேன். ஒரு சின்ன சுழி. அவ்வளவுதான் அண்ணாச்சி. எட்டை ஒன்பதாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அந்தக் கேள்வி என்னன்னா, உங்களுக்குச் சுலபமாப் புரியும், இருங்க. ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் எண்ணை வட்டமா அடுக்கணும். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற எந்த ரெண்டைக் கூட்டினாலும் பகா எண் வரணும். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே, ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாதது. மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, இப்படி. ஒண்ணு பக்கத்துல ரெண்டை வைக்கலாம், கூட்டினா மூணு. ரெண்டு பக்கத்துல மூணு, கூட்டினா அஞ்சு. இப்படியே வச்சுக்கிட்டே போகணும். எங்கயாவது முட்டுச்சுன்னா, கடைசியா வச்சதை எடுத்துட்டு வேற ஒண்ணை வச்சுப் பாக்கணும். அதுவும் ஆகலைன்னா அதுக்கு முந்தினதையும் எடுக்கணும். அதுவும் ஆகலைன்னா இன்னும் பின்னாடி. கம்ப்யூட்டர் இதைச் சலிக்காமப் பண்ணும். பேக்டிராக்கிங்னு பேரு. எல்லாம் வச்சு முடிச்சப்புறம் கடைசி எண்ணும் முதல் எண்ணும் சேருதான்னு ஒரு பார்வை பாக்கணும். வட்டம்லா? முடி போடணும்லா?

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, முடிச்சிக்கிடுதேன்.

அந்தச் சீட்டை ரெண்டு பேரு எடுத்தாங்க. ஒருத்தன் நவநீத். இன்னொண்ணு இசக்கியம்மாள்னு ஒரு பிள்ளை. ரிஜிஸ்டர் நம்பர் கூட எனக்கு ஞாபகம் இருக்கு, கடைசி மூணு எண் நானூத்துப் பதினேழு. ஒல்லியா, எண்ணெய் தேய்ச்சுப் படிய வாரி, நீலச் சுடிதார். முக்கா மணி நேரத்துல பையன் கையைத் தூக்கிட்டான். போய்ப் பாத்தேன். திரையில வரிசையா நிக்கி: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஏழு, ஆறு, அஞ்சு, எட்டு, ஒன்பது. நான் இடப்பக்கத்துல இருந்து கூட்டிப் பாத்தேன். மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, எல்லாம் சரியா வந்துச்சு. பாதியிலயே முதுகைத் தட்டி, வெரி குட்னுட்டேன். தொண்ணூத்தஞ்சு மார்க்.

இசக்கியம்மாள் திரையைப் பாத்தா வெறும் கறுப்பு. ஒரு எண் இல்ல. கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கிட்டு இருக்கு.

“அவுட்புட் எங்கம்மா?”ன்னேன்.

“விடை இல்ல சார்”னா.

“இல்லைன்னா?”

“இதுக்கு விடையே கிடையாது சார். எட்டுன்னு குடுத்தா வருது சார், பத்துன்னு குடுத்தாலும் வருது. ஒன்பதுக்கு வராது சார். ஏன்னா ஒற்றைப்படை எண்ணு...”

“விடை இல்லாத கேள்வியை நான் கேப்பேனாம்மா?”ன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். முப்பது பேரும் திரும்பிப் பாத்தாங்க. ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. அது எனக்குக் கொஞ்சம் சொகமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. “அங்க பாரு, அதே கேள்விதான் அந்தப் பையனுக்கும். அவனுக்கு வந்திருக்குல்லா? உனக்கு மட்டும் எப்படி வராமப் போகும்?”னேன்.

அந்தப் பிள்ளை எட்டி அவன் திரையைப் பாத்துச்சு. வாய்க்குள்ளயே கூட்டிச்சு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், உதடு அசையுது. “சார், கடைசில ஒன்பதும் ஒண்ணும்...”னு ஆரம்பிச்சா.

“அடுத்தவன் அவுட்புட்டைப் பாக்காத!”ன்னுட்டேன்.

சிரிங்க அண்ணாச்சி. சிரிக்கலாம். பாருன்னு சொன்னதும் நான்தான், பாக்காதன்னதும் நான்தான்.

சரி, இப்ப சொல்லுங்க, என்ன சொல்ல வந்தீங்க? ... ஆமா. ... ஆமா. ... ஒரு வெள்ளை ஒரு சிவப்புன்னு மாத்தி மாத்திக் கோத்தா... ஒன்பது பூவுன்னா, வட்டமா முடி போடுற இடத்துல ரெண்டு வெள்ளை முட்டும்.

முட்டும். முட்டத்தான் செய்யும்.

அதேதான் அண்ணாச்சி. ஒற்றையும் ஒற்றையும் கூட்டினா இரட்டை. ரெண்டால வகுபட்டுரும், பகா எண் ஆகாது. அப்ப ஒற்றையும் இரட்டையும் மாறி மாறித்தான் நிக்கணும். ஒன்பதுல ஒற்றை அஞ்சு, இரட்டை நாலு. எப்படிச் சுத்தி வச்சாலும் எங்கயாவது ரெண்டு ஒற்றை முட்டியே தீரும். அந்தப் பையன் முடி போடுற இடத்தைப் பாக்காமலே புரோகிராம் எழுதியிருக்கான். ஒன்பதும் ஒண்ணும் பத்து. பத்து பகா எண்ணா? சின்னப் பிள்ளை சொல்லும் இல்லைன்னு. நான் பாக்கல. நீங்க பஸ்ல வந்துக்கிட்டே, கையில ஒரு பூவைத் தொடாமச் சொல்லிட்டீங்க. நான் எம்.இ. படிச்சவன்.

அதை விடுங்க. தெரியாமப் பண்ணுனது வேற. தெரியாமப் பண்ணுனதுக்கு நான் இவ்வளவு பேசுவேனா?

மார்க்குப் போடும்போது ஜெசிந்தா மேடம் சொன்னாவ, “சார், புரோகிராம் சரியா இருக்கிற மாதிரிதான் தெரியுது. அவுட்புட்டுக்கு மட்டும் குறைச்சுக்கிடுவோம். லேப்ல யாருக்கும் பெயில் போடுறதில்ல சார்”னு. நெசந்தான். எந்தக் காலேஜ்லயும் லேப்ல பெயில் போட மாட்டோம். உக்காந்து டைப் அடிச்சாலே பாஸ்தான். நான் ஒத்துக்கிடல. புரோகிராம் சரியா இருந்தா அவுட்புட் வந்திருக்கணும் மேடம், வரலைன்னா தப்புன்னுதான் அர்த்தம்னேன். நாப்பத்திரண்டு போட்டேன். அம்பது எடுத்தாத்தான் பாஸ். புரோகிராம் தப்புன்னா போட்டேன்? வாய்க்கு வாய் பேசுனால்லா, அதுக்குப் போட்டேன். இதை நான் எனக்கே சொல்லிக்கிட ரொம்ப நாளாச்சு.

அந்தப் பிள்ளைக்குச் சென்னையில ஒரு கம்பெனில வேலை கிடைச்சிருந்துச்சு அண்ணாச்சி. காலேஜுக்கே வந்து எடுத்தது. ஜூலையில சேரணும். ஒரே ஒரு நிபந்தனை, எந்தப் பேப்பரும் அரியர் இருக்கக் கூடாது. அவங்க அப்பா விசைத்தறி ஓட்டுறவரு. அந்தத் தெருவுலயே முதல் இன்ஜினியரு இதுதானாம், தெரு முனையில ஃப்ளெக்ஸ் வச்சுட்டாங்களாம். போட்டோ போட்டு, தங்க மகளே வாழ்கன்னு. இதெல்லாம் எனக்கு அன்னைக்குத் தெரியாது, பின்னாடி மேடம் சொல்லித்தான் தெரியும். சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா... தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேனோ என்னமோ.

மூணு நாள் கழிச்சு எங்க லேப்ல சும்மா உக்காந்திருந்தேன். அந்தப் பிள்ளை சொன்னது உள்ள கிடந்து குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நானே ஒரு புரோகிராம் எழுதி ஓட்டினேன். நாலுக்கு வந்துச்சு. ஆறுக்கு வந்துச்சு. எட்டுக்கு வரிசையாக் கொட்டுச்சு. ஒன்பது குடுத்தேன். வெறும் கறுப்பு. கோடு கண்ணைச் சிமிட்டுது. தப்பா எழுதிட்டோம் போலன்னு அரை மணி நேரம் என் புரோகிராம்ல தப்பைத் தேடினேன், கேட்டீங்களா! அஞ்சு குடுத்தேன், கறுப்பு. ஏழு குடுத்தேன், கறுப்பு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஒற்றைப்படைன்னு அவ சொல்ல வந்தாளே, நான் முடிக்க விடலையே.

அப்பவே யுனிவர்சிட்டிக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கலாம். ரிசல்ட் வர இன்னும் ஒரு மாசம் கிடந்துச்சு. கேள்வி தப்பு, மார்க்கைத் திருத்தணும்னு நானும் மேடமும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. எழுதினேன். மூணு தடவை எழுதினேன். “அடியேன் கவனக்குறைவால்”னு ஆரம்பிச்சேன், அசிங்கமா இருந்துச்சு. கிழிச்சுப் போட்டேன். “சீட்டில் ஏற்பட்ட எழுத்துப் பிழையால்”னு எழுதினேன். சீட்டு தானா எழுதிக்கிடுமா? அதையும் கிழிச்சேன். மூணாவது நல்லாத்தான் வந்துச்சு. அது பீரோவுல ரேஷன் கார்டு கூட இருக்கு இன்னும்.

ஏன் அனுப்பலைன்னா, ஜூன்ல எனக்கு ஹெச்.ஓ.டி. போஸ்ட் வர வேண்டியிருந்துச்சு. துறைத் தலைவர். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இல்ல, சம்பந்தம் இருக்குன்னு நீங்க சொல்லல, நானாத்தான் சொல்லுதேன். விடை இல்லாத கேள்வி கேட்டவனைத் துறைத் தலைவர் ஆக்குவாங்களான்னு ஒரு யோசனை. ஆக்கிட்டாங்க. இப்ப தனி ரூம், வாசல்ல பேர்ப்பலகை. சவத்தைத் தள்ளுங்க.

நவம்பர் அரியர் பரீட்சைக்கு ஆர்டர் வந்துச்சு. அதே காலேஜ், அதே லேப். இன்னைக்குத்தான். மேலுக்கு முடியலைன்னு சொல்லித் தட்டிக் கழிச்சிருக்கலாம். நான் வந்தேன் அண்ணாச்சி. நேர்ல சொல்லிருவோம்னுதான் வந்தேன். வர்ற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். தப்பு உன்மேல இல்லம்மா, நான்தான் தப்பு. எட்டு வார்த்தை கூட வராது.

மொத்தம் மூணு பேருதான் எழுத வந்திருந்தாங்க. பழைய சீட்டுக்கட்டையே ஜெசிந்தா மேடம் எடுத்து வச்சிருந்தாவ. நான் அந்தச் சீட்டைத் தேடி எடுத்து, ஒன்பதை அடிச்சுட்டுப் பத்துன்னு எழுதினேன். மேடம் பாத்தாவ. ஜன்னலைப் பாத்துக்கிட்டு, “அந்தப் பிள்ளை இப்ப செல்போன் கடையில நிக்கி சார். கம்பெனிக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. அவங்க அப்பா அந்த ஃப்ளெக்ஸை இறக்கித் தறிக்கூரை ஒழுகுற இடத்துல போட்டிருக்காராம்”னாவ. எனக்குச் சொன்ன மாதிரியே இல்ல, மழை பெய்யுதுன்னு சொல்றாப்பில சொன்னாவ.

இசக்கியம்மாள் வந்துச்சு. அதே நீலச் சுடிதார். என்னையப் பாத்ததும் மொகம் வெளுத்துப் போச்சு. பாவம், வேற யாராவது வருவாங்கன்னு நெனைச்சிருக்கும். மூணு பேருக்கு மூணு சீட்டை மேசையில வச்சு, அந்தச் சீட்டு அவ கைப்பக்கம் இருக்கிற மாதிரி நான் நகட்டி வச்சேன். அதையே எடுத்துச்சு. பத்து, சுலபம். போன தடவை எழுதின புரோகிராமை அப்படியே அடிச்சா அரை வினாடில வந்து நிக்கும். நல்லபடியா முடியட்டும், போகும்போது தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருவோம்னு இருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் ஆச்சு. குனிஞ்ச தலை நிமிரல. வெள்ளைத் தாள்ல என்னமோ பென்சிலால எழுதுறதும் அடிக்கிறதுமா இருக்கு. அப்புறம் மெதுவாக் கையைத் தூக்கிச்சு. போனேன். திரையில ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஏழு, ஆறு, அஞ்சு, எட்டு, ஒன்பது, பத்து. இந்தத் தடவை ஒவ்வொண்ணாக் கூட்டினேன். கடைசிப் பத்தையும் முதல் ஒண்ணையும் கூட்டினேன். பதினொண்ணு. அத்தனையும் சரி.

புரோகிராமைக் காட்டுன்னு சொன்னேன். காட்டுச்சு. அதுல புரோகிராமே இல்ல அண்ணாச்சி. பத்து எண்ணையும் அப்படியே அச்சடிக்கச் சொல்லி ஒத்தை வரி. கையால தாள்ல போட்டு, அடிச்சு அடிச்சு, விடையைக் கண்டுபிடிச்சு, அதைத் திரையில எழுதி வச்சிருக்கு. இந்தத் தடவை அவுட்புட் வராமப் போயிரக் கூடாதுல்லா? நல்ல புரோகிராம் எழுதுற பிள்ளை. அதோட புரோகிராமை அதுவே நம்பல. எங்க கணக்குல இது சுத்தமான ஏமாத்து வேலை, சைபர் போடணும். அது தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கி. எனக்குன்னா பூமிக்குள்ள போயிரலாமான்னு இருக்கு.

அந்த ஒத்தை வரியைப் பத்தி நான் கேக்கல. வைவான்னு ஒண்ணு உண்டு, வாய்க்கேள்வி. ஏதாவது கேக்கணுமேன்னு, “பேக்டிராக்கிங்னா என்னம்மா?”ன்னேன்.

“போற வழி தப்புன்னு தெரிஞ்ச உடனே, வந்த வழியே திரும்பிப் போய்ச் சரி பண்றது சார்”னா.

“சரி”ன்னேன். நூறு போடப் போனேன். நூறு போட்டா கேள்வி வரும் சார்னு மேடம் சொன்னாவ. தொண்ணூத்தெட்டு போட்டேன்.

மத்த ரெண்டு பேரும் போயாச்சு. மேடமும் விடைத்தாள் கவரை ஒட்டப் போயிட்டாவ. இது பையை மாட்டிக்கிட்டு வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. நல்லதாப் போச்சு, அதுவே வந்துட்டு, இப்பச் சொல்லிருவோம்னு எந்திரிச்சேன்.

“ரொம்ப நன்றி சார்”னுச்சு. எனக்கு! நான் எதுக்கு நன்றிம்மான்னேன். அது அந்தத் தாளைத் திருப்பிக் காட்டுச்சு. பின்பக்கம் முழுக்கப் பொடிப் பொடியா எண்ணு. எல்லாம் ஒன்பது வரைக்கும். ஒவ்வொரு வரியும் கடைசில அடிச்சிருக்கு.

“சார், கோவிச்சுக்கிடாதீங்க. அந்த ஒன்பது கேள்விக்கு விடை என்ன சார்? கடையில ஆள் இல்லாத நேரமெல்லாம் போட்டுப் பாக்கேன். ஏழு மாசமாச்சு. எப்படி வச்சாலும் கடைசில ரெண்டு ஒற்றை வந்து முட்டிருது. விடை இல்லைன்னுதான் எனக்குத் தோணுது சார். ஆனா விடை இல்லாத கேள்வியை நீங்க கேக்க மாட்டீங்கள்லா? நான்தான் எங்கயோ விடுறேன்.”

இந்தா, இதான் அந்தத் தாளு. கவர்ல வைக்க வேண்டியது, சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். பாருங்க, எத்தனை வரி.

நான் என்ன சொன்னேன்னு கேளுங்க அண்ணாச்சி. கேளுங்க. வாயைத் தொறந்தேன். தப்பு உன்மேல இல்லம்மா, அது நாக்கு நுனியில இருக்கு. பதினெட்டு வருசம் வாத்தியாரா இருந்த வாயி.

“நல்லாத் தேடும்மா, கிடைக்கும்”னேன்.

சரி சார்னு தலையாட்டிட்டுப் போச்சு.